கேபிளா, டிஷ்ஷா: மாதத் தொகை மட்டும் கணக்காகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கேபிள் இணைப்பு மலிவா, மொட்டை மாடியில் டிஷ் வைத்துப் பார்க்கும் டி.டி.எச். இணைப்பு மலிவா என்ற பேச்சு எங்கள் தெருவில் ஆண்டுதோறும் ஐப்பசி மழையோடு தொடங்கிவிடுகிறது. மழையில் படம் நின்றுபோனவர்கள் கேபிளுக்கு மாற நினைக்கிறார்கள். ஒயர் அறுந்து மூன்று நாள் காத்திருந்தவர்கள் டிஷ்ஷுக்கு மாற நினைக்கிறார்கள். இரு தரப்பாரும் பக்கத்து வீட்டில் கேட்டறிந்த மாதத் தொகை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் முடிவெடுத்தேன். அதில் சில ஆண்டுகள் தேவையில்லாமல் பணம் கட்டியிருக்கிறேன் என்பது பிறகு தெரிந்ததால், மற்ற வாசகர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மன்னார்குடியில் நாங்கள் இருக்கும் வீட்டில் டி.டி.எச். இணைப்பும், ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கிராமத்தில் என் தாயார் இருக்கும் வீட்டில் கேபிள் இணைப்பும் உள்ளன. இரண்டுக்கும் பணம் கட்டுவது நான் என்பதால், ரீசார்ஜ் செய்த தொகை முதல் ரிமோட் வாங்கிய தொகை வரை ஒரே நோட்டில் எழுதி வருகிறேன். ஆறு ஆண்டுகளுக்கான அந்தக் கணக்கை அண்மையில் கூட்டிப் பார்த்தபோது, கேபிளா டிஷ்ஷா என்பதைவிட, எத்தனை டிவி, ஒவ்வொன்றிலும் எந்தெந்தச் சேனல் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

கேபிள் என்றால் மலிவு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போனதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று இணைப்புக் கொடுக்கத் தொடங்கியபோது, அந்தத் தொகை ஒவ்வொரு குடும்பத்தின் மனத்திலும் பதிந்துவிட்டது. என் தாயார் இன்றும் கேபிள் பணம் கொடுக்கும்போது, "எழுபது ரூபாய்தானே இருந்தது" என்று சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் அது செட்டாப் பாக்ஸ் இல்லாமல் ஒயரை நேராக டிவியில் செருகிப் பார்த்த காலம். 2017-இல் பாக்ஸ் வந்து, எந்த வீட்டுக்கு எந்தச் சேனல் போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் வசதியும் வந்த பிறகு, கட்டணத்தின் அமைப்பே மாறிவிட்டது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் வெளியிட்டு, 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறை, கேபிளுக்கும் டி.டி.எச்.சுக்கும் ஒரே விதியைத்தான் வைத்தது. இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது; கட்டணச் சேனல்களுக்கு ஒளிபரப்பு நிறுவனம் அறிவித்த விலை தனி; இவை இரண்டின் கூட்டுத்தொகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. முதலில் அந்த 130 ரூபாய்க்கு 100 சேனல்கள் என்றிருந்தது; 2020-இல் அதே தொகைக்கு 200 சேனல்கள் என்று திருத்தப்பட்டது. 2024 ஜூலையில் வந்த திருத்தத்தில் 130 ரூபாய் என்ற உச்சவரம்பே நீக்கப்பட்டு, அடிப்படைக் கட்டணத்தை அந்தந்த நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. ஆகவே ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் இப்போது தொகை மாறலாம். ஆனால் அடிப்படைக் கட்டணம், சேனல் விலை, வரி என்ற மூன்று பகுதிகள் இரண்டு வகை இணைப்பிலும் அப்படியே இருக்கின்றன. ஒரு சேனலின் அறிவிக்கப்பட்ட விலை 19 ரூபாய் என்றால், அது ஒயரில் வந்தாலும் வானத்திலிருந்து வந்தாலும் 19 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது.

விளக்கத்துக்கு எங்கள் வீட்டின் 2023-ஆம் ஆண்டு ரசீது ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கூடத்தில் உள்ள முதல் டிவிக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், கட்டணச் சேனல்களும் தொகுப்புகளும் சேர்ந்து 118 ரூபாய், ஆக 248. வரி 44 ரூபாய் 64 காசு. மொத்தம் 292 ரூபாய் 64 காசு. உள் அறையில் உள்ள இரண்டாவது டிவிக்கு, அப்போதைய விதிப்படி அடிப்படைக் கட்டணத்தில் 40 சதவீதம்தான் வாங்க முடியும் என்பதால் 52 ரூபாய்; ஆனால் சேனல்களுக்கு அதே 118 ரூபாய் மறுபடியும் போடப்பட்டிருந்தது. வரியுடன் 200 ரூபாய் 60 காசு. இரண்டு டிவிக்கும் சேர்த்து மாதம் 493 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 5,919 ரூபாய்.

அதே நேரத்தில் எங்கள் தெருவில் கேபிள் இணைப்புக்குக் கேட்டபோது, முதல் டிவிக்கு 230, இரண்டாவது டிவிக்கு 150, ஆக 380 ரூபாய் என்றார்கள். மாதம் 113 ரூபாய் வித்தியாசம் என்றால் யாருக்கும் மாறத்தான் தோன்றும். வீட்டில் என் மருமகளும் அதைத்தான் சொன்னாள். மாறுவதற்கு முன் ரசீதை வரி வரியாகப் படித்துவிடுவோம் என்று உட்கார்ந்தபோதுதான், இரண்டாவது டிவிக்கு முதல் டிவியின் சேனல்கள் அப்படியே நகலெடுத்துப் போடப்பட்டிருப்பதைக் கவனித்தேன். இரண்டாவது டிவிக்கு வேறு சேனல்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. பெட்டியைப் பொருத்த வந்தவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள் அறை டிவியில் என் மனைவி இரவில் பார்ப்பது இரண்டே சேனல்கள். அவை போதும் என்று மாற்றியபோது சேனல் விலை 118-இலிருந்து 38 ஆகக் குறைந்து, வரியுடன் அந்த டிவியின் செலவு 106 ரூபாய் 20 காசாயிற்று. மாதம் 94 ரூபாய் 40 காசு மிச்சம். அதைச் செய்ய வாடிக்கையாளர் எண்ணில் பேசிய நேரம் பத்து நிமிடம்.

பிறகு கூடத்து டிவியையும் பார்த்தோம். எப்போதோ ஒரு கிரிக்கெட் தொடருக்காகச் சேர்த்த விளையாட்டுத் தொகுப்பு, பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் யாரும் பார்க்காத குழந்தைகள் சேனல்கள், யார் சேர்த்தது என்றே தெரியாத இந்தித் திரைப்படச் சேனல் ஒன்று ஆகியவற்றை நீக்கியதும் 118 ரூபாய் 75 ஆனது. வரியுடன் அந்த டிவிக்கு 241 ரூபாய் 90 காசு. ஆக, இரண்டு டிவிக்கும் சேர்த்து 348 ரூபாய். கேபிளுக்குச் சொன்ன 380-ஐவிடக் குறைவு. இணைப்பை மாற்றாமலேயே ஆண்டுக்கு 1,700 ரூபாய்க்கு மேல் மிச்சமாயிற்று. நாங்கள் நினைத்தபடி கேபிளுக்கு மாறியிருந்தால், அந்த 1,700 ரூபாயும் டிஷ்ஷின் குற்றம் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருந்திருப்போம்.

இதனால் டிஷ்தான் மலிவு என்று நான் சொல்ல வரவில்லை. மாதத் தொகைக்கு வெளியே இருக்கும் செலவுகளையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். 2019-இல் டிஷ்ஷும் முதல் பெட்டியும் பொருத்தும் கூலியும் சேர்த்து 1,700 ரூபாய் கொடுத்தோம். இரண்டாவது பெட்டிக்கு 1,300. டிஷ்ஷின் முனையில் இருந்து சிக்னலை வாங்கும் எல்.என்.பி. கருவி ஒருமுறை பழுதாகி மாற்றியதற்கு 400. ஆள் வந்து பார்த்த கூலி இரண்டு தடவை 250 வீதம் 500. மாடியிலிருந்து இறங்கும் ஒயர் வெயிலில் வெடித்து மாற்றியதற்கு 300. ஆக 4,200 ரூபாய். ஆறு ஆண்டுகளுக்குப் பிரித்தால் மாதம் 58 ரூபாய். கேபிளில் என் தாயார் வீட்டுப் பெட்டிக்கும் ரிமோட்டுக்கும் சேர்த்து 1,200 ரூபாய் ஆகியிருக்கிறது. எங்கள் வீட்டைப் போல இரண்டு டிவி என்றால் அது 2,400, அதாவது மாதம் 33 ரூபாய். கேபிளில் ஒயர் அறுந்தால் சரிசெய்ய இதுவரை எங்களிடம் யாரும் கூலி வாங்கியதில்லை. இவற்றையும் கூட்டினால் டி.டி.எச். மாதம் 406 ரூபாய், கேபிள் 413 ரூபாய் என்று ஏறக்குறைய சமமாக வந்து நிற்கிறது.

ஒரே டிவி உள்ள வீட்டில் கணக்கு வேறு. என் தாயார் பார்ப்பது மூன்று கட்டணச் சேனல்கள், மற்றவை கட்டணமில்லாதவை. டி.டி.எச்.சுக்கு மாறினால், ஒவ்வொன்றும் 19 ரூபாய் என்றே வைத்தாலும் 57. அடிப்படைக் கட்டணம் 130. வரியுடன் 220 ரூபாய் 66 காசு. கேபிளுக்குக் கொடுப்பது 230. ஒன்பது ரூபாய் மிச்சத்துக்காக 1,700 ரூபாய் முதல் போட்டு டிஷ் வைப்பதில் பொருளில்லை. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டி.டி.எச். முன்பணத்தில் ஓடுவது, ரீசார்ஜ் தீர்ந்த அன்று நள்ளிரவில் படம் நின்றுவிடும். கைபேசியில் பணம் செலுத்தத் தெரியாத எழுபத்தொன்பது வயதுப் பெண்மணி, மகனுக்குத் தொலைபேசியில் சொல்லி, மகன் கட்டி, சிக்னல் திரும்பி வரும்வரை வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேபிளுக்குப் பணம் வாங்க வரும் தம்பியோ, ஓய்வூதியம் வரும் தேதி தெரிந்து, அதற்கு மறுநாள் காலையில் சைக்கிளில் வந்து திண்ணையில் உட்கார்ந்து, ஓரம் மடிந்த மஞ்சள் அட்டையில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். ரிமோட்டில் தவறான பொத்தானை அழுத்திப் படம் வராமல் போனால், "அம்மா, ஏ.வி. பட்டனை ரெண்டு தடவை அழுத்துங்க" என்று வாசலில் இருந்தே சொல்லிவிட்டுப் போகிறார். இந்த உதவிக்கு விலை போட என்னால் முடியவில்லை. ஆனால் என் தாயாருக்குக் கேபிளே தொடரட்டும் என்று முடிவெடுத்தபோது அதைத்தான் முதலில் நினைத்தேன்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் கட்டியும் பார்க்க முடியாத நாட்களும் செலவில்தான் சேரும். டி.டி.எச். சிக்னல் கே.யு. பேண்ட் என்ற அலைவரிசையில் வருகிறது. கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனப்படுத்துவதால், வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது திரையில் கட்டம் கட்டமாகச் சிதறிப் பிறகு படம் நின்றுவிடுகிறது. 2023 மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இப்படி நின்றது பதினொரு மாலைகள். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டது. கேபிளும் வானத்திலிருந்து வருவதுதான் என்றாலும், கட்டுப்பாட்டு அறையில் பெரிய டிஷ்களை வைத்து, மழையால் அவ்வளவு பாதிக்கப்படாத சி பேண்ட் அலைவரிசையில் வாங்கிப் பிறகு ஒயரில் அனுப்புவதால், சாதாரண மழையில் அது நிற்பதில்லை.

புயல் என்றால் நிலைமை தலைகீழாகிவிடும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் பகுதியில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அவற்றில் கட்டியிருந்த கேபிள் ஒயர்களும் அவற்றோடு சேர்ந்து போயின. எங்கள் வீட்டிலும் அப்போது கேபிள்தான் இருந்தது. மின்சாரம் வந்த பிறகும் எங்கள் தெருவுக்குக் கேபிள் வர இரண்டு மாதம் ஆயிற்று. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒயர் இழுத்துக் கட்ட வேண்டியவரின் சொந்த வீட்டு ஓடே பறந்துபோயிருந்தது. எதிர்வீட்டு டிஷ் காற்றில் மடங்கியிருந்தும், ஆள் வந்து ஒரு மணி நேரத்தில் நிமிர்த்தித் திசை திருப்பி வைத்தார். அதைப் பார்த்துத்தான் 2019-இல் நாங்கள் டிஷ்ஷுக்கு மாறினோம். மின்வெட்டின் போதும் இந்த வேறுபாடு தெரியும்: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டிஷ் ஓடும், கேபிளில் நம் வீட்டில் மின்சாரம் இருந்தாலும் தெருவில் உள்ள கருவிக்கு மின்சாரம் போய்விட்டால் படம் வராது.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்குத் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது; பெட்டியும் டிஷ்ஷும் ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் நம் வீடுகளில் அன்றாடம் பார்க்கும் முன்னணித் தமிழ்க் கட்டணச் சேனல்கள் அதில் கிடைப்பதில்லை என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இணையத்தில் பார்ப்பவர்களின் கணக்கு தனி. டேட்டாவுக்கும் தளங்களுக்கும் அவர்கள் கட்டும் தொகையை இதனோடு ஒப்பிடும் அனுபவம் எனக்கு இல்லை.

எனக்கு உண்மையாகவே வருத்தமளிப்பது பெட்டியின் கதைதான். ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்துக்குப் பயன்படுவதில்லை. கைபேசியில் சிம் அட்டையை மாற்றுவது போலப் பெட்டியை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றும் வசதி வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் எங்கள் வீட்டுப் பரணில் பழைய கேபிள் பெட்டி ஒன்று, நல்ல நிலையில், பிளாஸ்டிக் உறைக்குள் இன்றும் கிடக்கிறது. மாறுவதற்கான செலவு இவ்வளவு இருக்கும்வரை, வாடிக்கையாளர் தனக்கு ஒத்துவராத சேவையிலேயே தங்கிவிடுகிறார். அந்த நிறுவனங்களுக்கும் விலையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வருவதில்லை.

இரண்டு கோரிக்கைகளைத் தங்கள் இதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். கேபிள் நடத்துபவர்கள், மொத்தத் தொகையை மட்டும் சொல்லாமல், அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, எந்தச் சேனலுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ரசீதை வாடிக்கையாளர் கேட்காமலேயே கொடுக்க வேண்டும். கம்பத்துக்கான வாடகை, பராமரிப்பு, மேலே உள்ள நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பங்கு என்று அவர்களுக்கும் சுமைகள் உண்டு என்பதை அறிவேன். கணக்கு வெளிப்படையாக இருந்தால் அந்தச் சுமையும் மக்களுக்குப் புரியும். டி.டி.எச். விற்பவர்கள், இரண்டாவது டிவிக்குத் தனியாகச் சேனல் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும், உத்தரவாதக் காலம் முடிந்த பின் ஆள் வந்தால் எவ்வளவு கூலி என்பதையும், பெட்டியைப் பொருத்துவதற்கு முன்பே எழுத்தில் தர வேண்டும்.

என் தாயார் வீட்டு மஞ்சள் அட்டையில் ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே "230" என்ற எண்ணும் ஒரு கையெழுத்தும் மட்டுமே இருக்கின்றன. அடுத்த மாதம் அந்தத் தம்பி வரும்போது, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சேனல்களின் பெயரையும் விலையையும் எழுதித் தரும்படி கேட்கப் போகிறேன். மற்ற வாசகர்களும் தங்கள் வீட்டு அட்டையையோ ரசீதையோ எடுத்து வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மன்னார்குடி.